கார்டு போகவில்லை, எண்தான் இடிக்கிறது: பழைய கம்ப்யூட்டரில் முகவரி, ஐஆர்க்யூ, டிஎம்ஏ

பழைய கம்ப்யூட்டரில் ஒரு கார்டைச் சொருகி, அது வேலை செய்யவில்லை என்று புதுச்சேரியில் யாரிடம் போய்க் கேட்டாலும் மூன்றில் ஒரு பதில்தான் வரும். "கார்டு போச்சு சார், வேற பாருங்க" என்பது ஒன்று. "ஸ்லாட் மாத்திப் போட்டுப் பாருங்க" என்பது இரண்டாவது. மூன்றாவது, விஷயம் தெரிந்தவர் சொல்வது போலவே இருக்கும்: "ஐஆர்க்யூ நம்பரைக் குறைச்சு வைங்க, ஸ்பீடா ஓடும்." மூன்றும் நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் பெரும்பாலும் மூன்றுமே தப்பு. இரண்டாவதாவது சில சமயம் தற்செயலாகப் பலிக்கும், ஏன் பலிக்கிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

இந்தக் காலத்தில் இது யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதாவது பட்டறைக்குள் போய்ப் பாருங்கள், மூலையில் பழுப்பேறிய கேபினெட் ஒன்று விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் இருக்கும் கார்டுதான் லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினை ஆட்டிவைக்கும். மெஷின் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர்தான் கிழமாகிவிட்டது. இன்னொரு கூட்டம் பழைய டாஸ் விளையாட்டுகளைப் பழைய மெஷினிலேயே ஆட வேண்டும் என்று காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சவுண்டு கார்டு தேடும் கூட்டம். இரண்டு பேருக்கும் தேவைப்படுவது ஒரே விஷயம்தான்.

எந்தக் கார்டைப் பற்றிப் பேசுகிறோம்

மதர்போர்டில் நீளமாக, பெரும்பாலும் கறுப்பு நிறத்தில் இருக்கும் ஸ்லாட்டுக்கு ஐஎஸ்ஏ என்று பெயர். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இருந்த 8 பிட் ஸ்லாட்டை 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி மெஷினில் 16 பிட்டாக நீட்டினார்கள், அதுதான் இது. அதைவிடக் குட்டையாக, பொதுவாக வெள்ளை நிறத்தில் இருப்பது பிசிஐ, அது 1992-இல் வந்தது. 90களின் நடுவிலிருந்து 2000 வாக்கு வரை வந்த பல போர்டுகளில் இரண்டுமே இருக்கும். தலைவலி அதிகம் வருவதும் அந்த மாதிரிக் கலவை மெஷின்களில்தான்.

ஐஎஸ்ஏ கார்டுக்கு "நீ இங்கே இரு, இப்படிக் கூப்பிடு" என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். யுஎஸ்பி பழகிய தலைமுறைக்கு இது விசித்திரமாகத் தோன்றும். கார்டைச் சொருகினால் அதுவாகத் தெரிந்துகொள்ளும் என்ற ஏற்பாடே அப்போது கிடையாது.

ஒரு வார்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு. ஒரே ஒரு நர்ஸ். வரிசையாகப் படுக்கைகள். ஒவ்வொரு படுக்கைக்கும் ஓர் எண் உண்டு, நர்ஸ் மருந்து கொடுப்பதும் காய்ச்சல் பார்ப்பதும் அந்த எண்ணை வைத்துத்தான். ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு மணி பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் அதன் ஒயர் நர்ஸ் மேஜைப் பலகையில் போய் "டிரிங்" என்று அடிக்கும். மூன்றாவதாகச் சாப்பாட்டு வண்டி. அதை ஆயா ஒருத்தர் சமையலறையிலிருந்து நேராகப் படுக்கைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார், ஒவ்வொரு தட்டையும் நர்ஸ் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

நர்ஸ்தான் கம்ப்யூட்டரின் பிராசஸர். படுக்கைகள்தான் கார்டுகள். படுக்கை எண் என்பது ஐ/ஓ முகவரி, மணி ஒயர் என்பது ஐஆர்க்யூ, சாப்பாட்டு வண்டி என்பது டிஎம்ஏ. நர்ஸ் கையில் ஒரு சீட்டும் இருக்கிறது: "ஐந்தாவது மணி அடித்தால் இந்தப் படுக்கைக்குப் போ" என்று எழுதிய சீட்டு. அந்தச் சீட்டுதான் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) அல்லது நாம் ஓட்டும் புரோகிராம். இந்தச் சீட்டை மட்டும் மறக்காதீர்கள், பாதிப் பிரச்சினை அதில்தான் இருக்கிறது.

முகவரி: ஓர் எண் இல்லை, ஒரு வரிசை

பிராசஸர் கார்டிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு எழுதுகிறது, கார்டிடமிருந்து பதில் வேண்டும் என்றால் அதே எண்ணிலிருந்து படிக்கிறது. அந்த எண்ணுக்குத்தான் ஐ/ஓ முகவரி என்று பெயர். சவுண்டு பிளாஸ்டர் வகைக் கார்டுக்கு வழக்கமாக 220, பழைய என்இ2000 வகை நெட்வொர்க் கார்டுக்கு 300, பிரின்டர் போர்ட்டான எல்பிடி1-க்கு 378, முதல் சீரியல் போர்ட்டான காம்1-க்கு 3எஃப்8.

எண்ணுக்கு நடுவில் எழுத்து எங்கிருந்து வந்தது? இவை பதினாறின் அடிப்படையில் எண்ணும் எண்கள். 9-க்கு அடுத்தது 10 இல்லை, ஏ. அப்புறம் பி, சி என்று எஃப் வரை போய், அதற்குப் பிறகுதான் அடுத்த இடத்துக்குத் தாவும். ஆக 229-க்கு அடுத்து 22ஏ, 22எஃப்-க்கு அடுத்து 230. இவ்வளவு தெரிந்தால் போதும்.

கார்டின் மேல் "300" என்று போட்டிருந்தால் அது தொடக்கம் மட்டும்தான், அங்கிருந்து சில இடங்களைக் கார்டு பிடித்துக்கொள்ளும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. என்இ2000 கார்டு 32 இடங்களைப் பிடிக்கும், அதாவது 300-இலிருந்து 31எஃப் வரை. 300-இல் வேறு ஏதோ இருக்கிறதே என்று ஒருவர் அதை 360-க்கு மாற்றுகிறார் என்று வையுங்கள். 360 காலியாகத்தான் தெரியும். ஆனால் 360-இலிருந்து 32 இடம் எண்ணினால் 37எஃப் வரை போகிறது, பிரின்டர் போர்ட்டின் 378 அதற்குள் விழுந்துவிடுகிறது. நெட்வொர்க் ஒரு மாதிரி, பிரின்டர் ஒரு மாதிரி என்று இரண்டும் இழுத்துக்கொண்டு நிற்கும், காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

ஒரே முகவரியில் இரண்டு கார்டு இருந்தால் என்ன ஆகும்? எழுதும்போது இரண்டும் கேட்டுக்கொள்ளும். படிக்கும்போது இரண்டும் ஒரே ஒயர்களில் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், பிராசஸருக்குப் போவது வெறும் குப்பை. எதுவும் எரிந்துபோகாது என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் நடைமுறையில் மெஷின் திகைத்து நிற்பதோடு முடிந்துவிடுகிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: முகவரி என்பது பிராசஸர் கார்டைத் தேடிப் போகும் இடம். அது ஒரு வரிசையின் முதல் எண். அந்த வரிசைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது.

ஐஆர்க்யூ: கார்டு அடிக்கும் மணி

இங்கேதான் அதிகக் குழப்பம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பிராசஸர் எப்போதும் ஏதோ வேலையில் இருக்கிறது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினீர்கள், அதை உடனே கவனிக்க வேண்டும். அதற்காகக் கீபோர்டு ஒரு ஒயரில் சிக்னல் கொடுக்கிறது. பிராசஸர் செய்துகொண்டிருந்த வேலையில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, அந்த ஒயருக்கென்று எழுதிவைத்த சின்ன புரோகிராமை ஓட்டிவிட்டு, மறுபடி பழைய வேலைக்குத் திரும்புகிறது. அந்த ஒயரின் எண்தான் ஐஆர்க்யூ.

இந்த மணிகளையெல்லாம் வாங்கி வரிசைப்படுத்தித் தர ஒரு சிப் இருக்கிறது, அதன் எண் 8259. ஒரு சிப்புக்கு எட்டு ஒயர். முதல் ஐபிஎம் பிசியில் ஒன்றுதான் இருந்தது. போதவில்லை என்று 1984-இல் ஏடி மெஷினில் இரண்டாவது சிப்பைச் சேர்த்து, அதை முதல் சிப்பின் 2-ஆம் ஒயரில் கோத்தார்கள். எண்கள் 0-இலிருந்து 15 வரை பதினாறு ஆயின, கோத்த அந்த ஒன்று போக மிச்சம் பதினைந்து.

பதினைந்து என்றால் நிறைய என்று தோன்றும். பங்கு போட்டுப் பாருங்கள். 0 கடிகாரம், 1 கீபோர்டு, 3 காம்2, 4 காம்1, 6 ஃபிளாப்பி, 7 பிரின்டர், 8 தேதி நேரம் காக்கும் கடிகாரம், 12 பிஎஸ்/2 மவுஸ், 13 கணக்குப் போடும் பகுதி, 14-ம் 15-ம் ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ். மிஞ்சுவது 5, 9, 10, 11. இதில் 5 உண்மையில் இரண்டாவது பிரின்டர் போர்ட்டுக்கு ஒதுக்கியது, அப்படி ஒன்று யார் வீட்டிலும் இல்லாததால் சவுண்டு கார்டுகள் அதில் குடியேறிவிட்டன. குட்டையான 8 பிட் கார்டு உங்களிடம் இருந்தால் நிலைமை இன்னும் நெருக்கடி. 10-இலிருந்து தொடங்கும் ஒயர்கள் எல்லாம் ஸ்லாட்டின் நீட்டிய பகுதியில்தான் இருக்கின்றன, குட்டைக் கார்டு அங்கே எட்டவே எட்டாது.

சரி, ஒரே மணி ஒயரில் இரண்டு படுக்கையை இணைத்தால் என்ன? ஐஎஸ்ஏவில் முடியாது, காரணம் அது வெறும் "டிரிங்" மணி. ஒயரில் மின்னழுத்தம் கீழிருந்து மேலே ஏறும் அந்த ஒரு கணத்தை மட்டும்தான் 8259 சிப் கவனிக்கிறது. ஒரு கார்டு ஒயரை மேலே பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு கார்டும் அடித்தால், ஏற்கனவே மேலே இருக்கும் ஒயர் புதிதாக எங்கே ஏறுவது? இரண்டாவது மணி கேட்காமலே போய்விடும். கேட்டாலும், நர்ஸ் கையிலுள்ள சீட்டில் ஒரு படுக்கைதான் எழுதியிருக்கிறது. அங்கே போய்ப் பார்ப்பாள், அவர் தூங்கிக்கொண்டிருப்பார், திரும்பி வந்துவிடுவாள்.

பிசிஐயில் இதை மாற்றினார்கள். அங்கே மணிக்குப் பதில் விளக்கு. படுக்கைக்குப் போய்க் கவனிக்கும் வரை அணையாது. ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தும் விளக்கு எரிகிறது என்றால் அதே ஒயரில் இன்னொருவர் இருக்கிறார் என்று பொருள், அவரையும் போய்ப் பார்க்கலாம். அதனால்தான் விண்டோஸில் இரண்டு மூன்று பிசிஐ கார்டுகள் ஐஆர்க்யூ 11-இல் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை. அதே பட்டியலில் ஓர் ஐஎஸ்ஏ கார்டும் இருந்தால்தான் விஷயம்.

இதற்கு அந்தக் காலத்தில் எல்லோரும் பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. காம்1-உம் காம்3-உம் ஒரே ஐஆர்க்யூ 4-ஐப் பயன்படுத்தும், காம்2-உம் காம்4-உம் 3-ஐ. முகவரிகள் வேறு வேறுதான், மணி ஒன்றுதான். மவுஸ் காம்1-இல் இருக்கும், உள்ளே போடும் மோடம் காம்3-இல் வந்து உட்காரும். இரண்டும் தனித்தனியாக அருமையாக வேலை செய்யும். இன்டர்நெட்டுக்கு டயல் செய்து மோடம் கூவத் தொடங்கும் அந்த நொடியில் மவுஸ் அப்படியே உறைந்து நிற்கும். "லைன் சரியில்லை" என்று டெலிபோன்காரர்களைத் திட்டியவர்கள் நிறைய.

எண் குறைந்தால் வேகம் என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இரண்டு மணி ஒரே நேரத்தில் அடித்தால் யாரை முதலில் பார்ப்பது என்ற முறை மட்டும்தான் எண்ணில் இருக்கிறது. அதிலும் இரண்டாவது சிப் 2-ஆம் ஒயரில் தொங்குவதால் 8 முதல் 15 வரையுள்ளவை 3-ஐ முந்திக்கொண்டு நிற்கும், ஆக "குறைந்த எண் முதலில்" என்பதுகூட முழுக்கச் சரியில்லை. கார்டின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சுருக்கமாக: ஐஆர்க்யூ என்பது கார்டு பிராசஸரைக் கூப்பிடும் ஒயர். ஐஎஸ்ஏவில் ஒரு ஒயருக்கு ஒரு கார்டு. பிசிஐ கார்டுகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும்.

டிஎம்ஏ: எல்லோருக்கும் தேவைப்படாது

சவுண்டு கார்டு பாட்டை வாசிக்க மெமரியிலிருந்து தொடர்ந்து தகவல் வேண்டும். ஒவ்வொரு துளியையும் பிராசஸரே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. அதற்காக மெமரிக்கும் கார்டுக்கும் நேராகத் தகவலைத் தள்ளும் தனிச் சிப்புகள் இரண்டு இருக்கின்றன, அவற்றின் வேலைக்குத்தான் டிஎம்ஏ என்று பெயர். அவற்றில் 0 முதல் 7 வரை வழிகள், சேனல்கள். 2 ஃபிளாப்பிக்கு, 4 இரண்டு சிப்புகளைக் கோர்ப்பதற்கு. 0, 1, 3 எட்டு பிட் வேலைக்கு, 5, 6, 7 பதினாறு பிட் வேலைக்கு. சவுண்டு பிளாஸ்டர் 16 போன்ற கார்டு இரண்டு சேனல் கேட்பது இதனால்தான், வழக்கமாக 1-உம் 5-உம். என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு, மோடம் எல்லாம் டிஎம்ஏ கேட்பதே இல்லை. அதற்கு மேல் இதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

சில கார்டுகள் நான்காவதாக மெமரியிலேயே ஒரு துண்டு இடம் கேட்கும், டி0000 மாதிரி ஓர் எண் போட்டிருக்கும். உங்கள் கார்டின் கையேட்டில் அப்படி இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

கார்டில் வைப்பது வேறு, புரோகிராமில் எழுதுவது வேறு

நான் பார்த்தவரை இந்த ஒரு விஷயம் புரியாததால் குப்பைக்குப் போன நல்ல கார்டுகள்தான் அதிகம்.

பழைய கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இரண்டு வரிசையாக மெல்லிய ஊசிகள் நிற்கும், பக்கத்தில் பச்சைப் போர்டின் மேல் வெள்ளை எழுத்தில் 3, 5, 7, 10 என்று அச்சிட்டிருக்கும். அதில் ஏதோ ஒரு ஜோடியின் மேல் மட்டும் அரிசி அளவைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தொப்பி ஒன்று மாட்டியிருக்கும். அந்தத் தொப்பிக்குப் பெயர் ஜம்பர். பிளாஸ்டிக்கிற்குள் ஒரு சிறு உலோகத் துண்டு, இரண்டு ஊசியையும் சேர்த்துவிடும், அவ்வளவுதான் வேலை. தொப்பி 5-இன் மேல் இருந்தால் கார்டின் மணி, ஸ்லாட்டின் 5-ஆம் ஒயரோடு சேர்ந்துவிட்டது. சில சமயம் ஒற்றை ஊசியில் மட்டும் சும்மா தொங்கும், அது தொலையாமல் இருக்க முன்பு யாரோ மாட்டிவைத்தது, இணைப்பு இல்லை என்றே பொருள்.

இப்போது புரோகிராம் பக்கம். டாஸில் சவுண்டு பிளாஸ்டருக்கு, மெஷின் தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் "பிளாஸ்டர்" என்று ஒரு வரி எழுதுவோம், அதில் ஏ220, ஐ5, டி1, ஹெச்5 என்று வரும். ஏ என்றால் முகவரி, ஐ என்றால் ஐஆர்க்யூ, டி எட்டு பிட் டிஎம்ஏ, ஹெச் பதினாறு பிட் டிஎம்ஏ. இந்த வரியில் ஐ5 என்பதை ஐ7 என்று மாற்றினால் கார்டு 7-க்கு மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது. அந்த வரி விளையாட்டுகளுக்கு எழுதிவைத்த சீட்டு. நர்ஸின் சீட்டில் படுக்கை எண்ணைத் திருத்தினால் நோயாளி எழுந்து வேறு படுக்கைக்குப் போய்விடுவாரா?

விண்டோஸ் 95-இலும் இதே கதைதான். டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி. உள்ளே போய் ரிசோர்ஸஸ் பக்கத்தில் தானியங்கி டிக்கை எடுத்துவிட்டு எண்ணை மாற்றினால், கீழே "மோதல் இல்லை" என்று காட்டும், ஆச்சரியக்குறியும் போய்விடும். ஜம்பர் வைத்த கார்டாக இருந்தால் அது விண்டோஸின் சீட்டு மட்டும்தான் திருந்தியது. கேபினெட்டைத் திறந்து ஜம்பரையும் அதே எண்ணுக்கு மாற்றும் வரை கார்டு பழைய மணியைத்தான் அடிக்கும்.

ஜம்பர் இல்லாத கார்டுகளும் உண்டு. கூட வந்த ஃபிளாப்பியில் ஒரு செட்டப் புரோகிராம் இருக்கும், அதை ஓட்டினால் எண்கள் கார்டிலேயே பதிந்துவிடும். ஆரம்பகால சவுண்டு பிளாஸ்டர் 16 பாதிக்குப் பாதி, முகவரி ஜம்பரில், ஐஆர்க்யூவும் டிஎம்ஏவும் மென்பொருளில். அதனால் ஜம்பரைத் தேடி ஓர் எண்தான் கிடைக்கிறது, மற்றவற்றைக் காணோமே என்று குழம்ப வேண்டாம்.

ஆக, மூன்று தரப்பும் ஒத்துப்போக வேண்டும்: கார்டில் வைத்த எண், புரோகிராமில் எழுதிய எண், அதே எண்ணில் மெஷினில் வேறு யாரும் இல்லாமல் இருப்பது.

ஸ்லாட் மாற்றினால் சரியாகுமா

ஐஎஸ்ஏவில் எல்லா ஒயர்களும் எல்லா ஸ்லாட்டுக்கும் ஒரே மாதிரி போகின்றன. முதல் ஸ்லாட்டில் ஐஆர்க்யூ 5 எந்த ஒயரோ, கடைசி ஸ்லாட்டிலும் அதே ஒயர்தான். ஸ்லாட் மாற்றினால் எண் மோதல் தீராது. பிறகு ஏன் சிலருக்குச் சரியானது? கழற்றி மாட்டியதில் கார்டின் விளிம்பிலிருந்த கறை உரசிப் போயிருக்கும்.

கடற்கரை ஊரில் இதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். கடலூரானாலும் புதுச்சேரியானாலும் உப்புக் காற்று தகட்டை விட்டுவைப்பதில்லை. கார்டின் விளிம்பில் உள்ள பட்டைகளைச் சாதாரண பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மாட்டுவது எந்த எண்ணையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. உப்புத்தாள் வேண்டாம், மேலே உள்ள மெல்லிய தங்கப் பூச்சு போய்விடும், போன பிறகு கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

பிசிஐ கார்டுக்கு மட்டும் இந்த ஆலோசனை உண்மையாகவே பொருந்தும். அங்கே மணி ஒயர்களை ஸ்லாட்டுக்கு ஸ்லாட் மாற்றி மாற்றி இணைத்திருப்பார்கள், அதனால் வேறு ஸ்லாட்டில் போட்டால் வேறு ஐஆர்க்யூ கிடைக்க வாய்ப்பு உண்டு.

பிளக் அண்ட் பிளே வந்த பிறகு

இந்த ஜம்பர் அவஸ்தைக்கு முடிவு கட்ட 1993-இல் ஐஎஸ்ஏ கார்டுகளுக்கே பிளக் அண்ட் பிளே முறை வந்தது. 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது அது பரவலானது. இந்தக் கார்டு சொருகியவுடன் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். பயாஸோ (மெஷின் தொடங்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்த புரோகிராம்) விண்டோஸோ எழுப்பி "உனக்கு இந்த எண்" என்று கொடுத்தால்தான் விழிக்கும். டாஸ் மட்டும் போட்ட மெஷினில் எழுப்ப ஆள் இல்லாமல் கிடந்து, "கார்டு போச்சு" என்று பெயர் வாங்கியவை ஏராளம்.

பயாஸ் செட்டப்பில் "பிஎன்பி ஓஎஸ் இன்ஸ்டால்டு" (பிஎன்பி என்றால் பிளக் அண்ட் பிளே) என்று ஒரு வரி இருந்தால், டாஸுக்கு "நோ" என்று வையுங்கள். அப்படி வைத்தால் எண் கொடுக்கும் வேலையைப் பயாஸே செய்யும். அதுவும் போதாத கார்டுகளுக்கு அதன் நிறுவனம் தந்த எழுப்பும் புரோகிராமை ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டியிருக்கும்.

கலவை மெஷினில் இன்னொரு வரி அதைவிட முக்கியம். பயாஸுக்கு ஜம்பர் வைத்த கார்டு கண்ணுக்கே தெரியாது. ஐஆர்க்யூ 5 காலி என்று நினைத்து அதை ஒரு பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடும். அதைத் தடுக்க, பிஎன்பி/பிசிஐ பக்கத்தில் ஒவ்வொரு ஐஆர்க்யூவுக்கும் எதிரே இருக்கும் அமைப்பில், உங்கள் பழைய கார்டின் எண்ணுக்கு மட்டும் "லெகசி ஐஎஸ்ஏ" என்று வைத்துவிடுங்கள். இந்தப் படுக்கைக்கு ஆள் இருக்கிறது என்று பலகை மாட்டுவது போலத்தான். டிஎம்ஏவுக்கும் அதே மாதிரி வரிகள் இருக்கும்.

அறிகுறியை வைத்துப் பிடிப்பது

மோதல் எந்த எண்ணில் என்பதைச் சவுண்டு கார்டு கிட்டத்தட்ட வாய்விட்டுச் சொல்லிவிடும். விளையாட்டின் செட்டப் "கார்டே இல்லை" என்றால் முகவரி தப்பு. கார்டைக் கண்டுபிடித்து, சத்தம் ஒரு துண்டு மட்டும் வந்து, அதே துண்டு திக்கித் திக்கித் திரும்பினாலோ மெஷின் நின்றுவிட்டாலோ ஐஆர்க்யூ. கண்டுபிடித்தும் அமைதியாகவோ இரைச்சலாகவோ இருந்தால் பெரும்பாலும் டிஎம்ஏ. பின்னணி இசை நன்றாக வருகிறது, துப்பாக்கிச் சத்தமும் பேச்சும் மட்டும் இல்லை என்றால் மறுபடி ஐஆர்க்யூ அல்லது டிஎம்ஏதான், ஏனென்றால் அந்தக் காலத்து எஃப்எம் இசை (ரேடியோ இல்லை, கார்டே உருவாக்கும் இசை) 388 என்ற தனி முகவரியில் போகிறது, அதற்கு மணியும் வேண்டாம் வண்டியும் வேண்டாம்.

டாஸுடன் வரும் எம்எஸ்டி என்ற புரோகிராம் ஐஆர்க்யூ பட்டியல் ஒன்று காட்டும். பார்க்கலாம், முழுதாக நம்ப வேண்டாம். வாய் திறக்காமல் இருக்கும் கார்டு அதற்குத் தெரியாது, அந்த எண்ணைக் காலி என்றே காட்டும்.

தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் பார்த்தது இது. பழைய 386 மெஷின் செத்துப்போக, அதிலிருந்த குட்டையான கன்ட்ரோல் கார்டை ஒரு பென்டியம் போர்டுக்கு மாற்றினார்கள். புரோகிராம் திறக்கிறது, கார்டு சரி என்கிறது, மெஷின் ஓர் அங்குலம் நகர்ந்து நின்றுவிடுகிறது. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுக் கார்டு போச்சு என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி புதிய கன்ட்ரோலருக்கு விலை விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, கார்டு சரின்னு சொல்லுதே, அப்புறம் எப்படிப் போயிருக்கும்?" என்றால் அவரிடம் பதில் இல்லை, எங்கள் எல்லோருக்கும் அங்கேதான் பிடி கிடைத்தது. கார்டு சரி என்று சொன்னால் முகவரி சரி. நகர்ந்து நின்றால் மணி கேட்கவில்லை. கார்டின் ஜம்பர் 3-இல் இருந்தது, புரோகிராமும் 3-ஐத்தான் எதிர்பார்க்கிறது, மாற்ற வழியில்லை. பழைய 386-இல் காம்2-ஐ யாரோ எப்போதோ ஜம்பர் கழற்றி அணைத்து வைத்திருந்தார்கள். புதிய போர்டில் காம்2 போர்டிலேயே இருக்கிறது, திறந்தும் இருக்கிறது, 3-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பயாஸில் இரண்டாவது சீரியல் போர்ட்டை அணைத்து, ஐஆர்க்யூ 3-ஐ லெகசி ஐஎஸ்ஏ என்று வைத்ததும் மெஷின் ஓடியது.

திறப்பதற்கு முன்

மின்சாரத்தை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ஐஎஸ்ஏ கார்டை மெஷின் ஓடும்போது தொடவே கூடாது, அது யுஎஸ்பி இல்லை. பழைய ஏடி வகைக் கேபினெட்டில் முன்பக்க சுவிட்சுக்கே 230 வோல்ட் நேராக வருகிறது, பின்னால் உறை கழன்றிருக்கும், விரல் பட்டால் விளையாட்டில்லை. கார்டைத் தொடுவதற்கு முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்ததை. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சரியானாலும் எதனால் என்று தெரியாது. முடிந்தால் மற்ற கார்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, திரைக்கான கார்டையும் சந்தேகக் கார்டையும் மட்டும் வைத்து ஆரம்பியுங்கள். தனியாக வேலை செய்தால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது.

அப்புறம் பேட்டரி. பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பது மதர்போர்டில் உள்ள சின்னப் பேட்டரி. பெரும்பாலும் காசு வடிவ சிஆர்2032, இன்னும் பழைய போர்டுகளில் பீப்பாய் வடிவத்தில் பற்றவைத்தது, அது கசிந்து பக்கத்துத் தடங்களை அரித்துவிடும். பேட்டரி தீர்ந்தால் தேதி மட்டும் போவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எல்லா அமைப்பும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அணைத்து வைத்த காம்2 மறுபடி எழுந்துகொள்ளும், லெகசி ஐஎஸ்ஏ என்று ஒதுக்கியது அழிந்துபோகும். அதே பட்டறையில் அடுத்த மழைக்காலத்தில், பவர் கட்டான ஓர் இரவுக்குப் பிறகு மெஷின் மறுபடி ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது. கார்டை யாரும் தொட்டிருக்கவில்லை.

புதிய பேட்டரி போட்டு, காம்2-ஐ மறுபடி அணைத்து, மூன்று எண்களையும் பயாஸில் மாற்றிய இரண்டு வரிகளையும் ஒரு தாளில் எழுதி, கேபினெட் மூடியின் உட்புறம் ஒட்டியாயிற்று. பென்சிலில் எழுதுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு மை ஊறிவிடும்.